உப்பு கொஞ்சம் கம்மி

படகில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அடித்தட்டுப் பலகையைத் தூக்கினால் கீழே தண்ணீர் நிற்கும். எவ்வளவு நல்ல படகாக இருந்தாலும் கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விரலை முக்கி நாக்கில் வைத்தால் போதும். கரித்தால் கடல் உள்ளே வருகிறது, ஓடிப்போய் ஓட்டையைத் தேடு. கரிக்கவில்லை என்றால் அது நல்ல தண்ணீர்: மேலே மழை ஒழுகியிருக்கும், இல்லாவிட்டால் குடிதண்ணீர்த் தொட்டியோ குழாயோ கசிந்திருக்கும். ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பாய்ப்படகில் நாக்கில் வைக்கிற வேலை மேஸ்திரியுடையது. முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகக் குழாய் போட்டவர். அவர் மனைவி இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் வேன்காரம்மா. ஓட்டுவது அவள், பழுது பார்ப்பது அவர் என்று படகை வாங்கிய அன்றே பேசிப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்ணெயும் அழுக்கும் மிதக்கிற தண்ணீரை வாயில் வைப்பதை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். அதனால் பாகப்பிரிவினையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

நான்கு மாதமாக ஒரே காட்சிதான். காலையில் எழுந்ததும் மேஸ்திரி பலகையைத் தூக்குவார். விரலை முக்குவார். நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வைத்தியர் நாடி பார்ப்பது போல் ஒரு நிமிடம் யோசிப்பார்.

"நல்ல தண்ணிதான்."

அவ்வளவுதான் அவர் பங்கு. பிறகு அவள் மண்டியிட்டு, மக்கில் மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற வேண்டும். பம்ப் இல்லாமல் இல்லை; ஆனால் பம்ப்பின் வாய் எட்டாத ஒரு பள்ளத்தைத் தேடிப்போய்த்தான் இந்தத் தண்ணீர் தேங்கும். முதல் மாதம் நாலு மக்கு. அடுத்த மாதம் ஏழு. இப்போது பதினாலு. அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று.

இடுப்பு போனால்கூடப் போகட்டும், படகே போய்விடும் போலிருந்தது. எதிர்க்கரைக்கு மூன்று நாள் பயணம். வருடத்தில் ஒரு மாதம்தான் அதற்குத் தோதாகக் காற்றடிக்கும். முதல் வருடம் அந்த மாதத்தில் இன்ஜின் படுத்துவிட்டது. இரண்டாம் வருடம் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. அன்று நடந்த சண்டையில் மேஸ்திரி, "மூணாவது தடவையும் தவறினா இதை வித்துட்டுக் கரையில வீடு பாத்துப் போயிடலாம். சத்தியம் பண்ணு" என்றார். கோபத்தில் அவளும் அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டாள். கோபத்தில் பண்ணினாலும் சத்தியம் சத்தியம்தானே. இது மூன்றாவது வருடம். அந்த மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அவளுக்கு விற்க மனமில்லை. இருபத்தாறு வருடம் ஒரே தெரு, ஒரே திருப்பம், ஒரே பதினெட்டு நிறுத்தம். எவ்வளவு தூரம் போனாலும் நாலரை மணிக்குள் திரும்பி வந்தாக வேண்டும். ஒரே ஒரு முறை, திரும்பி வரவேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் இடத்துக்கு வண்டியை விட வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஆசைக்காகத்தான் அலமாரி அளவு சமையலறையிலும், கால் நீட்டினால் சுவர் இடிக்கிற படுக்கையிலும் இரண்டரை வருடமாகக் காலம் தள்ளுகிறாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த வருடம் அந்த மாதம் மழையோடு பிறந்தது. எட்டு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேல்கதவைத் திறக்க முடியாமல் உள்ளே எல்லாம் புழுங்கிற்று. துணியில் பூஞ்சை, தலையணையில் ஈரம், தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் வழித்துக்கொண்டு வந்தது. காலைத் தண்ணீரை ருசி பார்த்த மேஸ்திரி, "மழைதான். ஜன்னல் ஓரமா இறங்குது" என்று தீர்ப்புச் சொல்லி, ஆறு ஜன்னல்களையும் கழற்றி மறுபடி பசை போட்டு ஒட்டினார். அவரே குடை பிடித்துக்கொண்டு ஒட்டினார் என்று நினைக்க வேண்டாம். குடை பிடித்தது அவள்.

ஒன்பதாம் நாள் மழை நின்று வெயில் கொளுத்தியது. மேல்தட்டில் வெறுங்காலை வைத்தால் தோசைக்கல். ஒட்டின பசை இளகி வழிந்தது. ஆனால் கீழே தண்ணீர் மட்டும் குறையவில்லை.

"மழைதான் இல்லையே. இப்ப எங்கேருந்துங்க வருது?" என்று கேட்டாள்.

விரல், நாக்கு, யோசனை. "நல்ல தண்ணிதான். அப்ப குழாய்."

குழாய்க்காரர் கண்ணுக்குப் பார்த்ததெல்லாம் குழாய். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் குழாயை மாற்றினார். கைப்பம்ப்பின் வாஷரை மாற்றினார். படுக்கைக்கு அடியில் ஓடுகிற நீளக் குழாயை மாற்றுவதற்காகப் படுக்கையையே பெயர்த்தார். மூன்று நாள் அவள் பாய் மூட்டையின் மேல் படுத்தாள். மாற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இனி ஒரு சொட்டு வராது" என்று மார்தட்டினார். மறுநாள் காலை பதினாலு மக்கு.

இத்தனைக்கும் நடுவில் சாப்பாட்டு நேரத்தில் அவர் வாய் ஓய்ந்ததில்லை. முதல் வாய் வைத்ததும், "உப்பு கொஞ்சம் கம்மி" என்பார். இது புதிதல்ல. கல்யாணமான மறுநாளிலிருந்து சொல்கிறார். முன்பெல்லாம் பத்து நாளுக்கு ஒருமுறை வரும். இந்த நாலு மாதமாகத் தினமும், தவறாமல், ஆஜர் சொல்கிற மாணவன் மாதிரி. முதலில் ஒரு சிட்டிகை கூட்டினாள். அப்புறம் ஒரு கரண்டி. பிறகு எரிச்சலில், "இந்தா, தின்னு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கை போன போக்கில் போட்டாள். அப்போதும் கம்மிதான். அவளும் அதையேதான் சாப்பிட்டாள். நாளாக ஆக அவள் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது. பாதம் வீங்கிற்று. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் பண்ணுகிற வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேறொரு சந்தேகமும் முளைத்திருந்தது. படகுத்துறைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. ரொட்டி வாங்கப் போகும்போது மேஸ்திரி அதன் எதிரில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டாள். அவருக்கு முழங்கால் வலி. துறையின் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'அப்பாடா'. கரையில் கால் நீட்டிப் படுக்க ஆசைப்பட்டால் அதில் தப்பில்லை. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லாமல், ஓட்டை ஒட்டுகிறேன் என்று நாளைக் கடத்தி மாதத்தை முடித்துவிடப் பார்க்கிறாரோ? நினைக்கவே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. முப்பது வருடத்தில் அவர் தன்னை ஏமாற்றியதே இல்லை என்று ஒரு பக்கம் மனசு சொல்லும். வாடகை வீட்டு வாசலிலும்தான் அவர் இதற்குமுன் நின்றதில்லை என்று மறுபக்கம் சொல்லும்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் அவள் காய்கறி வாங்கிக்கொண்டு துறைக்குத் திரும்பினால், கரையில் பளபளவென்று எதுவோ கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். அவர்களுடைய குடிதண்ணீர்த் தொட்டி. இரண்டாக அறுபட்டுக் கிடந்தது.

"என்னங்க இது?"

"உள்ளேருந்து வெளிய எடுக்கக் கதவு பத்தல. அதான் அறுத்து எடுத்தேன்." மேஸ்திரி வியர்வையில் குளித்திருந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. "வெல்டருக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வரான். எங்கே விரிசல்னு பாத்து ஒட்டிடலாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலு நாள். போனா அஞ்சு."

துறை அலுவலகத்து ஒலிபெருக்கி தினமும் காலை பத்து மணிக்கு வானிலை வாசிக்கும். அன்று காலை அது சொன்னது அவள் காதிலேயே இருந்தது: இன்னும் ஐந்து நாள் காற்று நன்றாக இருக்கும், அதற்கப்புறம் திரும்பிவிடும். மூன்றாம் நாள் காலை கிளம்பினால்கூட அதற்குள் எதிர்க்கரையைப் பிடித்துவிடலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இங்கே தாழியை ரம்பம் வைத்து அறுத்தே போட்டுவிட்டார். அவள் காய்கறிப் பையைத் தரையில் போட்டாள். தக்காளி உருண்டு கடலில் விழுந்தது.

"வேணும்னுதானே பண்றீங்க?"

"என்ன வேணும்னு?"

"ஒண்ணும் இல்ல."

பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை பலகையைத் தூக்கினால், கீழே எப்போதும் போல் தண்ணீர். தொட்டி கரையில். குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மழை பெய்து பத்து நாளாயிற்று. பதினாலு மக்கு.

"இது எங்கேருந்து வந்துச்சு? சொல்லுங்க, எங்கேருந்து?"

மேஸ்திரி விரலை முக்கி ருசி பார்த்தார். அன்று கொஞ்சம் நேரமெடுத்தார். "நல்ல தண்ணிதாம்மா. பழசு. மூலை முடுக்குல தங்கினது வடியுது."

"பதினாலு மக்கு வடியுதா? இது படகா, கிணறா?"

"உனக்குக் குழாயைப் பத்தித் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு அவர் ஏணியில் ஏறிப் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வெல்டர் வந்தார். முப்பத்தைந்து வயது ஆள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற முகம். அறுபட்ட தொட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, விரிசல் எதுவும் தெரியலையே. நீங்க அறுத்த அறுப்பு மட்டும்தான் இருக்கு."

"நல்லாப் பாரு. மூட்டுல இருக்கும்."

வந்தவரைப் பட்டினி போடக் கூடாதே என்று அவள் மூன்று தட்டு வைத்தாள். சோறு, பருப்பு, வறுத்த மீன். மேல்தட்டில் பாய்த்துணியை நிழலுக்குக் கட்டி மூவரும் உட்கார்ந்தார்கள். வெல்டர் பசியோடு ஒரு பெரிய கவளமாகப் பிசைந்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். சிரித்த முகம் அப்படியே நின்றது. கண்ணில் நீர் முட்டியது. எழுந்து ஓடிப்போய்ப் படகின் ஓரத்தில் குனிந்து துப்பிவிட்டு வந்தார்.

"மன்னிச்சுக்கங்கக்கா. கடல் தண்ணியிலயா ஆக்குனீங்க? உப்புன்னா உப்பு, ஐயோ!"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் மேஸ்திரி பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு, வழக்கம்போல நிதானமாகச் சொன்னார்:

"உப்பு கொஞ்சம் கம்மிதான்."

வெல்டர் அதை ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேஸ்திரியும் சிரிக்கவில்லை. வெல்டர் ஏன் சிரிக்கிறார் என்று புரியாமல் ஒரு கணம் பார்த்தார். புரிந்ததும் தட்டில் கண்ணை இறக்கிக்கொண்டார். இருவர் கண்ணும் சந்திக்கவில்லை. அவர் பார்க்கவில்லை என்பதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த மனுஷன் நாலு மாதமாகத் தன் நாக்கையே சோற்றில் மறைத்திருக்கிறார்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் ஆளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அதோடு ருசியும் வாசமும் போயிருக்க வேண்டும்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள். பலகையைத் தூக்கினாள். மிச்சமிருந்த தண்ணீர் கறுப்பாகப் பளபளத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விரலை முக்கி நாக்கில் வைத்தாள்.

கரித்தது. கரிப்பென்றால் சாதாரணக் கரிப்பில்லை. நடுக்கடலை மொண்டு வந்து வைத்ததுபோல் கரித்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பின்னால் ஊர்ந்தாள். கடல் உள்ளே வர முடிகிற இடங்கள் படகில் மொத்தம் நாலு. மூன்று காய்ந்து கிடந்தன. நாலாவது, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளுகிற விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டு படகின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிற இடம். அங்கே தண்டைச் சுற்றி மெழுகுக் கயிறு திணித்து, ஒரு பெரிய நட்டு போட்டு இறுக்கியிருக்கும். கயிறு தேய்ந்து நட்டு தளர்ந்திருந்தது. டப். டப். டப். டார்ச் வெளிச்சத்தில் சொட்டு சொட்டாகக் கடல் வந்துகொண்டிருந்தது.

இரண்டு ஸ்பானர் எடுத்து வந்தாள். ஒன்றால் பிடித்து இன்னொன்றால் முடுக்கினாள். நன்றாக, சொட்டு நிற்கிறவரை முடுக்கினாள். நின்றுவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு மாதம், ஆறு ஜன்னல், பெயர்த்த படுக்கை, அறுத்த தொட்டி, இடுப்பு. எல்லாம் இந்தப் பத்து நிமிட வேலைக்கு. அந்தக் குறுகிய இடத்தில், முழங்கை இடிக்க இடிக்க, அவள் ஸ்பானரால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

மேலே மேஸ்திரி வெல்டருக்குத் தொட்டியின் மூட்டுகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். மூட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு கம்பீரம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் கீழேயே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் ஒன்றும் கெடாது; தொட்டியை ஒட்டியதால்தான் கசிவு நின்றது என்று அவர் சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பார். நாலு நாளில் தொட்டி வரும். ஆனால் அதற்குள் காற்று திரும்பிவிடும், சத்தியப்படி படகும் போய்விடும். சொல்லிவிட்டால் நாளைக் காலையே கிளம்பலாம். ஆனால் முப்பத்தைந்து வருடம் 'மேஸ்திரி சொன்னா சரியா இருக்கும்' என்று பெயர் வாங்கிய மனிதரிடம், நீ நாலு மாதமாகக் கடலைக் குடித்துவிட்டு நல்ல தண்ணீர் என்றாய் என்று எந்த வாயால் சொல்வது?

இந்த வாயால்தான். அவளுக்குப் படகு வேண்டும்.

வெல்டர் போனதும் மேஸ்திரியைக் கீழே கூப்பிட்டாள். "நாக்கு எப்பப் போச்சு?"

அவர் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சலோட."

"சுத்தமாவா?"

"சுத்தமா. வாசமும்தான். டாக்டர் ரெண்டு வாரத்துல வந்துரும்னாரு. வந்துரும் வந்துரும்னு பாத்தேன்."

"அப்புறம் எதை வச்சு தினமும் நல்ல தண்ணின்னீங்க?"

"கரிக்கலையே."

அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உங்களுக்கு உப்பே கரிக்காதே! அதைச் சொல்லித் தொலைச்சிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா? அது கடல் தண்ணிங்க. தண்டு நட்டு தளர்ந்திருக்கு. பத்து நிமிஷத்துல முடுக்கிட்டேன். நாலு மாசம் என்னைப் பாடாப் படுத்திட்டீங்க!"

அவர் முகம் சுருங்கிப் போனது. இன்ஜின் பக்கம் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப? நாக்குப் போச்சு, முட்டி போச்சு, இனி இந்த ஆளை நம்பிக் கடலுக்குப் போக முடியாது, கரைக்கு நடன்னு சொல்லியிருப்ப."

"நான் சொல்லுவேனா? வாடகை வீட்டுப் பலகையை நின்னு நின்னு பாத்தது யாரு?"

"நீ சொல்லப்போற அன்னைக்குப் போக ஒரு இடம் வேணுமேன்னு பாத்தேன்."

அவர் கரைக்கு இறங்க ஆசைப்படுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். இறக்கிவிடப்படுவோம் என்று அவர் பயந்திருந்தார். ஆனால் இரங்க அவளை இன்னும் கோபம் விடவில்லை. "தினமும் உப்பு கம்மி கம்மின்னு எதுக்குச் சொன்னீங்க?"

"சொல்லாம விட்டா சந்தேகப்படுவியே."

"நல்லா இருக்கு நியாயம்" என்று அவள் எழுந்தாள். "நாளைக்குக் கிளம்பறேன். தொட்டி இல்லாட்டிப் போகுது. கேன்ல தண்ணி எடுத்துக்கலாம்."

"வேண்டாம். தப்பு என்னுது. சத்தியப்படி வித்துடலாம். என்னை நம்பி நீ வராதே. எனக்கே என்னை நம்பிக்கை இல்ல."

"நாளைக்குக் காலையில இன்ஜினைப் போடுவேன். வரதும் வராததும் உங்க இஷ்டம்."

அன்று மாலைவரை துறையில் யார் யாரிடமோ கேட்டு இருபத்துநாலு கேன் சேர்த்தாள். துறைக் குழாயில் பிடித்து, தள்ளுவண்டியில் வைத்து, ஒற்றை ஆளாக இறக்கினாள். மேஸ்திரி கரையில், அறுபட்ட தொட்டியின் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்போது எழுந்து வந்தார். அவள் ஒரே பக்கமாக அடுக்கி வைத்திருந்த கேன்களை இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரித்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்ததும் தன் துணிப்பையை எடுத்துக் கரையில் வைத்தார்.

விடிந்தது. காற்று ஒரே சீராக, அவள் விரும்பிய திசையிலேயே அடித்தது. மேஸ்திரி துணிப்பையோடு கரையில் நின்றார். அவள் அவரை ஏறச் சொல்லவில்லை. வீம்பு. கயிறு கட்டியிருக்கும்போதே இன்ஜினைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, பத்து நிமிடம் ஓடட்டும் என்று சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் பையின் மேலேயே இருந்தது.

திடீரென்று ஒரு நாற்றம். மெழுகும் துணியும் சேர்ந்து தீய்கிற மாதிரி.

"ஏங்க! என்னமோ கருகுது!"

மேஸ்திரி மூக்கை உறிஞ்சினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார், புகை எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் பையைப் போட்டுவிட்டு, ஏணியைத் தேடாமல், வலிக்கிற காலோடு அப்படியே படகில் குதித்தார். கீழே இறங்கி இன்ஜினுக்குப் பின்னால் ஊர்ந்தார்.

"நிறுத்து! நிறுத்து!"

நிறுத்திவிட்டு அவளும் ஓடினாள். அவர் கையை உதறிக்கொண்டிருந்தார். நட்டு அடுப்பாகக் கொதித்தது.

"எவ்வளவு முடுக்குன?"

"சொட்டு நிக்கிற வரைக்கும்."

"அடிப்பாவி. இது என்ன வீட்டு வால்வா? இந்த நட்டு மட்டும் சொட்டணும்மா. தண்டு சுத்தறப்ப அந்தச் சொட்டுத் தண்ணிதான் அதுக்குக் குளிர்ச்சி. ஒரேயடியா நிறுத்தினா தீஞ்சுபோயிடும். நடுவழியில தீஞ்சிருந்தா கடல் மொத்தமும் உள்ள வந்திருக்கும்." அவர் அவளைத் திட்டவில்லை. அந்தப் பழைய மேஸ்திரிக் குரல் வந்திருந்தது. "ஸ்பானரைக் குடு."

நட்டு ஆறுகிறவரை காத்திருந்து, புதுக் கயிறு ஒரு சுற்று திணித்தார். முடுக்கினார். கால் சுற்று தளர்த்தினார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "போடு" என்றார்.

அவள் மேலே போய் இன்ஜினைப் போட்டுவிட்டு இறங்கி வந்து டார்ச் அடித்தாள். தண்டு சுழன்றது. நட்டின் விளிம்பு காய்ந்தே இருந்தது. நாலு மாதம் ஒவ்வொரு சொட்டையும் சபித்தவள், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழு, விழுந்து தொலை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் ஒரு ஈரம் அரும்பியது. கனத்தது. விழுந்தது.

"சூடு இறங்குது" என்றார் அவர், கையை எடுக்காமல். வாட்ச்சைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

அவர் எழுவார் என்று அவள் காத்திருந்தாள். எழவில்லை. வருகிறீர்களா என்று கேட்பதா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு மேலே போய்க் கரையில் கிடந்த துணிப்பையை எட்டி எடுத்து உள்ளே போட்டாள். முன்கயிற்றை அவிழ்த்தாள். பின்கயிற்றை அவிழ்த்தாள். படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது.

"கிளம்பிட்டேங்க" என்று கீழே குனிந்து குரல் கொடுத்தாள்.

"மெதுவா எடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சொட்டை எண்ணிட்டிருக்கேன்."